விட்டுவைத்த அரை ஏக்கர்

லாரியிலிருந்து அந்தப் புதுச் சின்ன டிராக்டர் இறங்கியபோது ஃபோர்மேன் மட்டும் கைதட்டவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவர். இன்ஜின் இருமினால் எந்த இடத்தில் சளி என்று சொல்லிவிடுவார். வாங்கியிருப்பவரோ மருந்துக்கடைக்காரர், அவருடைய தங்கையின் கணவர். வீட்டில் பல்பு எரியாவிட்டால்கூட மச்சானுக்குப் போன் அடிக்கிற மனிதர்.

"ஏறி உட்காருங்க மச்சான். கிளட்சே கிடையாது. இந்தப் பெடலை மிதிச்சா முன்னால போகும், அதை மிதிச்சா பின்னால."

"தையல் மிஷின் மாதிரின்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

தங்கை சிரித்தாள். "தம்ளர் வைக்கக்கூட இடம் இருக்கு பாருங்கண்ணா."

"வேலை செய்றவனுக்குத் தம்ளர் எதுக்கும்மா?"

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். குனிந்து, வண்டியின் வயிற்றடியில் மாட்டியிருந்த புல்வெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு போல்ட் தளர்ந்திருந்தால்கூட அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

குடும்பத்தில் முதன்முதலாக டிராக்டர் வாங்கியவர் அவர்தான். பழைய வண்டி; இன்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றித் தானே பூட்டினார். ஒன்பது வருடமாக, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு அந்த வண்டி சாலை வளைவைத் தாண்டித் தங்கை வீட்டு வாசலில் நிற்கும். நாலு ஏக்கர் புல்லும் புதரும் அவர் கையால்தான் அடங்கும். கூலி என்று யாராவது பேச்செடுத்தால் முகம் சிவந்துவிடும். தங்கை வீட்டு நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறான் என்று நாலு பேர் சொல்கிறார்களே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

இனிமேல் அப்படி யார் சொல்வார்கள்?

புது வண்டி வந்தபின் வந்த முதல் சனிக்கிழமை, வழக்கமாகக் கூப்பிடும் தங்கையிடமிருந்து போன் வரவில்லை. ஒன்பது மணிவரை பார்த்துவிட்டு, ஃபோர்மேன் தன் மூன்று ஏக்கரையே வெட்டினார். புதன்கிழமை மறுபடியும் வெட்டினார். அடுத்த சனிக்கிழமை வளைவுக்கு அப்பால் புது வண்டியின் சத்தம் கேட்டதும், வெட்ட ஒன்றுமே இல்லாத தரையில் வண்டியை இறக்கினார். பிளேடு மண்ணைச் சுரண்டிப் புழுதி கிளப்பியது.

"ஏங்க," வேலியருகே வந்து நின்றாள் மனைவி. "அந்தப் புல்லு தலை தூக்கவே பயப்படுது. கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"உனக்கு என்ன தெரியும்? குட்டையா இருந்தாத்தான் அழகு."

"அழகா? மொட்டை அடிச்சு வெச்சிருக்கீங்க. உங்க மாப்பிள்ளை வீட்டுத் தரையைப் போய்ப் பாருங்க, பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கு."

அந்தக் கம்பளத்தை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். கிரீஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரே வாரத்தில் மூன்று தடவை சைக்கிளில் அந்த வழியாகப் போயிருந்தார். ஒரு கோடாவது கோணலாக இருக்கும் என்று நம்பித்தான் போனார். இல்லை. மாத்திரை எண்ணிப் பழகிய கை, புல்லையும் எண்ணி வெட்டியதுபோல் இருந்தது. வீட்டில் அத்தனை கிரீஸை வைக்க இடமில்லை.

மூன்றாவது சனிக்கிழமை போன் வந்தது. "அண்ணா, பின்பக்கம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கு. வர்றீங்களா?"

மாப்பிள்ளையின் புது வண்டி படுத்துவிட்டது! ஃபோர்மேன் துவைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வழிநெடுக ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபடி வந்தார்: 'பரவாயில்லை மாப்பிள்ளை, புது வண்டின்னா அப்படித்தான், நான் பார்த்துத் தர்றேன்.' இரக்கம் தெரிய வேண்டும். சந்தோஷம் தெரியக் கூடாது.

கொட்டகையில் புது வண்டி நின்றுகொண்டிருந்தது. புல்வெட்டியின் விளிம்பில் பச்சைச் சாறு இன்னும் காயவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார்.

சமதரை எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. நடுவில் அரை ஏக்கர் மட்டும், அளவுகோல் வைத்துக் கிழித்த சதுரமாக, உயர்ந்து நின்றது. நாலு மூலையிலும் புது டயரின் தடம். ஒரு புல்லும் மிதிபடாமல், வண்டி பார்த்துப் பார்த்து ஒதுங்கித் திரும்பியிருக்கிறது.

வண்டியை நிறுத்திவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"இது என்னம்மா?"

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தாள். "உங்களுக்குன்னு விட்டு வெச்சதுண்ணா."

"யார் யோசனை?"

"அவர்தான். நீங்க வராம வீடு வீடாவே இல்லைன்னார்."

தங்கையின் யோசனை என்றால் பொறுத்திருப்பார். வண்டியும் மாப்பிள்ளையுடையது, பெருந்தன்மையும் மாப்பிள்ளையுடையதா? ஃபோர்மேனுக்குக் காது மடல் சூடானது. "நான் என்ன பிச்சைக்கா வந்தேன்? கிளம்பறேன்."

"கிளம்புங்க. ஆனா அந்தப் புல்லு அப்படியேதான் நிக்கும். அவரும் தொட மாட்டார், நானும் ஆள் விட மாட்டேன். பாம்பு வந்தா வரட்டும்."

"வாயாடி."

"உங்க தங்கச்சிதானே."

அதற்குள் மருந்துக்கடைக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். "வாங்க மச்சான். தப்பா எடுத்துக்கிட்டீங்களா?"

தங்கையைக் கட்டியவரிடம் குரலை உயர்த்துவது அவர் வீட்டுப் பழக்கமில்லை. ஃபோர்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். திரும்பிப் போனால் இந்த அரை ஏக்கரும் போய்விடும். வெட்டிவிட்டுப் போனாலோ அது அவர்கள் போட்ட பிச்சையாக ஆகிவிடும். மாப்பிள்ளை கொடுக்க, கை நீட்டி வாங்குகிறவராகத் தான் நிற்பதா? அவர் கண் சதுரத்தைத் தாண்டிக் குளத்தங்கரைச் சரிவுக்குப் போனது. நிலத்திலேயே கடினமான இடம். அங்கேயும் புல் வளர்ந்திருந்தது. இன்னும் யாரும் வெட்டவில்லை.

"அரை ஏக்கருக்கெல்லாம் நான் வண்டியைக் கிளப்பறதில்லை மாப்பிள்ளை," என்றார். "அந்தச் சரிவும் என்னோடதுதான். ஒன்பது வருஷமா நான் வெட்டின இடம்."

மருந்துக்கடைக்காரரின் முகம் சட்டென்று வாடியது. "சரிவா? அது வந்து... அதை மத்தியானம் வெட்டலாம்னுதான் வெச்சிருந்தேன் மச்சான். வாரம் பூரா கடையில உட்கார்ந்து அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்படியா?"

"மேலேர்ந்து கீழே இறங்கும்போது தண்ணி தெரியுது பாருங்க..."

ஃபோர்மேன் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். மூன்று வாரமாகக் கண்ணாடியில் தான் பார்த்த அதே முகம். அவருக்கு வயிறு குளிர்ந்தது.

"அண்ணா, போதும்," என்றாள் தங்கை, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அவரும் பாவம்."

"பாவம்தான்," என்று ஒப்புக்கொண்டு, ஃபோர்மேன் போய் வண்டியில் ஏறினார்.

அரை ஏக்கரை முடித்துவிட்டுச் சரிவுக்குத் திரும்பினார். அரை மணி நேரத்தில் முடிகிற சரிவு. மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே என்று அன்று அவர் ஒன்றரை மணி நேரம் வெட்டினார். மருந்துக்கடைக்காரர் கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு தடவைகூட உட்காராமல், கடைசிக் கோடுவரை பார்த்துக்கொண்டே நின்றார்.