பாய்லர் பார்க்க வந்த பிஜு சார்

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தால்கூட மட்டாஞ்சேரியில் இத்தனை தடபுடல் நடந்திருக்காது. பாக்கியலக்ஷ்மியின் இஞ்சி எண்ணெய்ப் பட்டறைக்கு அன்று வரப்போவது ஓர் இன்ஜினீயர். அவர் பார்க்கப்போவது ஒரு கிழட்டு பாய்லரை.

அந்தப் பாய்லருக்கு எப்படியாவது நல்ல பேர் வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமென்று பட்டறையே வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. மூக்கம்மாள் வாசலைக் கழுவிப் பெரிய கோலமாகப் போட்டுவிட்டாள். பாய்லருக்குத் தீ போடும் பிச்சை, நீராவி கசிகிற இடத்திலெல்லாம் களிமண்ணை அப்பி, குழாய்களுக்குச் சணல் சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தான். ஈர விறகெல்லாம் பின்கட்டில் ஒளிந்துகொண்டது. கலகலவென்று காய்ந்த ரப்பர் விறகாகப் பார்த்துப் பொறுக்கி முன்னால் அடுக்கியிருந்தான்.

"என்னடா இது, பாய்லருக்குப் பட்டுச்சேலை கட்டின மாதிரி இருக்கு?" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

"சும்மாவாக்கா? வர்றவரு பார்த்த உடனே கையெழுத்துப் போடணும்ல?" என்றான் பிச்சை.

கையெழுத்து விழுந்தே ஆகவேண்டிய நிலைமைதான். பஜார் கோடவுன்களில் மிஞ்சுகிற உடைந்த சுக்கையும் இஞ்சித் துண்டையும் வாங்கி, இடித்து, நீராவியில் வேகவைத்து எண்ணெய் எடுப்பது அவள் தொழில். பட்டறை இருப்பது ஜயந்த்பாய் சேட்டுவின் பழைய கோடவுனில். பக்கத்துக் கட்டடம் சமீபத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற ஹோம்ஸ்டே ஆகிவிட்டது. அங்கே மொட்டை மாடியில் காயப்போடுகிற வெள்ளை விரிப்புகள் எல்லாம் பாக்கியலக்ஷ்மியின் புகைபோக்கி தயவில் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஹோம்ஸ்டேக்காரர்கள் சேட்டுவிடம் சண்டைக்குப் போக, சேட்டு இவளிடம் வந்து தன்மையாகவே சொல்லிவிட்டார்: "பாக்கியம், மழை சீசன் கழியும்போது புகையும் நிக்கணும். இல்லெங்கில் நீ வேற இடம் பார்த்துக்கோ."

வேறு இடம் என்றால் ஊரைத் தாண்டி இடப்பள்ளிக்கு அப்பால்தான். சரக்கு கிடைப்பது இங்கே, வேலையாட்கள் இருப்பது இங்கே. அங்கே போய் என்ன செய்வது? அப்போதுதான் ஓர் அரசாங்கத் திட்டம் காதில் விழுந்தது. பயிர்ப் பொருளிலிருந்து சரக்கு செய்கிற சின்னப் பட்டறைகள், எரிபொருள் குறைவாகத் தின்னும் இயந்திரத்துக்கும் சூரிய வெப்பத்துக்கும் மாறினால் செலவில் பாதியை மானியமாகத் தருவார்கள். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் இஞ்சிச் சக்கையையே எரிக்கிற புது பாய்லர், கூரையில் வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் தகடுகள். புகை இல்லாமல் போகும், விறகும் வாங்க வேண்டாம். மனுப் போட்டாள். பாய்லரை அளந்து பார்க்க ஆளை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

வந்தவர் பிஜு. முப்பது வயதுக்காரர், சிரித்த முகம், பாதி மலையாளமாகப் பேசுகிற தமிழ். கூடவே தராசு, புகையை அளக்கிற கருவி, வெப்பமானி. விறகை எடை போட்டார், எண்ணெயை அளந்தார், சாக்கு சுற்றின குழாயைத் தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டு, "நன்னாயிட்டுண்டு சேச்சி" என்று சொல்லி ஆட்டோ ஏறினார்.

"கேட்டீங்கல்ல? நன்னாயிட்டுண்டாம்! நல்லா இருக்காம்!" பிச்சை தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். மூக்கம்மாள் பாய்லருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"சேச்சி, உங்க யூனிட் சூப்பர். அதாணு பிரச்சனை" என்றார் பிஜு.

"சூப்பர்னா நல்லதுதானே சார்?"

"சக்கையோ விறகோ, புது பாய்லர் வந்தா இப்ப எரிக்கிறதில கால் பங்காவது மிச்சமாகணும். அப்படின்னாத்தான் ஃபண்ட். உங்க பழைய பாய்லரே இவ்வளவு நல்லா ஓடுது. இதில என்ன மிச்சம் பிடிக்கிறது? நான் கண்ட கணக்கை எழுதினா அப்ளிகேஷன் தள்ளுபடியாகும். அதான் எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்தை பறையலாம்னு விளிச்சேன்."

பாக்கியலக்ஷ்மி போனை வைத்துவிட்டுச் சாக்கு சுற்றின குழாயைப் பார்த்தாள். அதன் மேல் பூசின களிமண்கூட இன்னும் உதிரவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவன் சிவசங்கரனிடம் சொன்னாள். கார்ப்பரேஷன் ஊழியரான அவர் ஆபீசர்களையும் மனுக்களையும் நிறையப் பார்த்தவர். சோற்றைப் பிசைந்த கை நிற்க, விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏழைன்னு ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டுட்டு, விசாரிக்க வந்த ஆபீசர் முன்னால இருக்கிற நகையெல்லாம் மாட்டிட்டு நின்னிருக்கீங்க!"

"சிரிக்காதீங்க. இடம் போயிரும்."

"மூணு பேர் கூடியும் ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

தோன்றவில்லைதான். ஆள் வருகிறார் என்றால் வீட்டைக் கழுவி, இருப்பதில் நல்ல பாயை விரித்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். ஓட்டையைக் காட்டினால்தான் காசு வரும் என்று யார் கண்டார்கள்?

மறுநாள் பிச்சை ஒரு வழி சொன்னான். "அவ்வளவுதானேக்கா? திரும்ப வரச் சொல்லுங்க. ஈர விறகா அள்ளிப் போட்டு, வால்வையும் திறந்துவிட்டு, அக்கரை வைப்பின்லருந்து பார்த்தாலும் புகை தெரியற மாதிரி ஓட்டிக் காட்டறேன்."

"அதுவும் வேஷம்தானேடா?"

"அன்னைக்குக் கட்டினது ராஜா வேஷம். இன்னைக்குப் பிச்சைக்காரன் வேஷம். பேருக்கும் பொருத்தமாத்தான் இருக்கும்."

மூக்கம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். பாக்கியலக்ஷ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவை செய்தது ஏமாற்று என்றே தெரியாமல் செய்தது. இப்போது தெரிந்தே செய்வதா? பிஜு ஒன்றும் அசடு அல்ல. கண்டுபிடித்தால் மானியமும் போகும், முகத்திலும் முழிக்க முடியாது. உண்மையைச் சொன்னாலும் கோபித்துக்கொண்டு மனுவைத் தூக்கி எறியலாம். இரண்டையும் நினைத்து நினைத்து மத்தியானம் வரை தள்ளிப்போட்டாள். கடைசியில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு போன் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கு, களிமண், பொறுக்கியெடுத்த விறகு.

"அப்போ அன்னைக்கு நான் கண்டது நாடகமா சேச்சி?"

"நாடகம்னு சொல்லாதீங்க சார். விருந்தாளி வந்தா வீட்டைக் கழுவ மாட்டோமா?"

"நான் விருந்தாளியல்லா, டாக்டர். டாக்டர்கிட்டப் போறப்ப பவுடர் பூசிட்டுப் போனா காய்ச்சல் தெரியுமோ?"

"தப்புதான் சார்."

"சரி. இனி எப்ப வருவேன்னு பறைய மாட்டேன். சாக்கெல்லாம் அவிழ்த்துடுங்க. எப்பவும் போல ஓட்டணும், கேட்டோ? கூடவும் வேண்டா, குறையவும் வேண்டா."

எப்பவும் போல ஓட்டுவது அப்படியொன்றும் சுலபமாக இல்லை. தெருவில் ஆட்டோ நின்றாலே பிச்சை நிமிர்ந்து உட்கார்ந்தான். விறகை எடுக்கும்போது இது எப்பவும் எடுக்கிற விறகுதானா என்று சந்தேகப்பட்டான். "சாதாரணமா இருக்கறதுக்கு இம்புட்டு யோசிக்க வேண்டியிருக்கேக்கா" என்று அலுத்துக்கொண்டான். போகப் போக மறந்துபோனார்கள். மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்தது, வேலை குவிந்தது.

அப்படி ஊற்றுகிற ஒரு நாளில் பிஜு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

பாய்லரின் தீவாய்க் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. அதற்குள் பாதி நுழைந்தபடி சோற்றுப்பானை கொதித்தது. கங்கில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தது. மேல் மூடியில் சாயா கெட்டில். சூடான குழாய் நெடுக ஈரச் சேலையும் துண்டும் சட்டையும் காய்ந்தன. மூட்டுகளில் நீராவி உஸ்ஸென்று பாட, மூக்கம்மாள் பாய்லர் குழாயைத் திறந்து வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இஞ்சியும் கருவாடும் கலந்த வாசனையில் பிஜு ஒரு தும்மல் போட்டார்.

"இந்தச் சுடுதண்ணி எவ்விட போகுது?"

"எந்தலைக்குத்தான் சாரே. சுடச்சுடக் குளிச்சிட்டு வீட்டுக்குப் போனா முட்டிவலி தெரியாது" என்றாள் மூக்கம்மாள், வாளியை விடாமல்.

பிச்சை கருவாட்டை எடுத்து மறைக்கப்போனான். "வேண்டா, அது அங்க இருக்கட்டே. எடை போடணும்" என்றார் பிஜு. கருவாட்டையா, விறகையா என்று புரியாமல் பிச்சை முழித்தான்.

அன்று முழுக்கப் பிஜு அளந்தார். பாக்கியலக்ஷ்மி பக்கத்திலேயே நின்றாள். இந்த அழகைப் பார்த்த பிறகு கால் பங்கு என்ன, பாதியே மிச்சமாகும் என்று உள்ளுக்குள் தெம்பு வந்திருந்தது. பிஜு அந்தத் தெம்பிலும் மண்ணைப் போட்டார்.

"சோறும் குளியும் பாய்லரோட குத்தமல்ல சேச்சி, உங்க குத்தம். அந்தக் கதவை அடைச்சு வெச்சாலே நிறைய விறகு மிச்சம். அதுக்கு எதுக்கு சர்க்கார் காசு? அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் எழுதுவேன்."

"கழிச்சா... தேறுமா சார்?"

பிஜு திரும்பத் திரும்பக் கூட்டினார், கழித்தார். பிச்சை கெட்டிலிலிருந்த சாயாவை ஆற்றிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"எல்லாம் கழிச்சாலும் உங்க பாய்லர் படுமோசம். சூடு பாதி புகைக்குழல் வழியாப் போகுது. மழைக்கால விறகுக்கு இது லாயக்கே அல்ல. கால் பங்குக்குக் கொஞ்சம் கூடவே மிச்சமாகும். தேறும்."

படுமோசம் என்ற வார்த்தையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது பாக்கியலக்ஷ்மிக்கு வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"பட்சே, புது பாய்லர்ல சமையல் கூடாது, துணி காயப்போடக் கூடாது, வெந்நீரும் பிடிக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றான் பிச்சை, கருவாட்டைப் பார்த்துக்கொண்டே.

மூக்கம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைச் சேலையில் துடைத்தாள். பாக்கியலக்ஷ்மிக்கு அந்தக் கைகளைத் தெரியும். நாளெல்லாம் ஈர இஞ்சியில் அளைகிற கைகள்.

"சார், கூரையில வெயில்ல தண்ணி சூடாகுமே, அதுலருந்து ஒரு குழாயைக் குளிக்கிற ரூமுக்கு இழுத்துக்கலாமா? அந்தச் செலவு என்னுது. மானியத்துல கேக்கலை."

பிஜு கூரையை அண்ணாந்து பார்த்தார். "டாங்க்கைக் கொஞ்சம் பெரிசா வெச்சா நடக்கும். வெயில் இல்லாத நாள்ல பச்சைத் தண்ணி, கேட்டோ மூக்கம்மா சேச்சி?"

"பச்சைத் தண்ணி நாள்ல நான் லீவு போட்டுக்கறேன் சாரே!"

ஓணத்துக்கு முன்னால் அனுமதி வந்தது. மீதிப் பாதிக்கு வங்கிக் கடனும் கிடைத்தது. புது பாய்லர் சந்துக்குள் நுழைய மறுக்க, ஹோம்ஸ்டேக்காரர்களே தங்கள் கேட்டைத் திறந்து அந்த வழியாக உள்ளே விட்டார்கள். காரியம் அவர்களுடையதும்தானே! உலர்ந்த இஞ்சிச் சக்கையை அது அலட்டிக்கொள்ளாமல் தின்றது.

ஒரு காலை ஜயந்த்பாய் வாசலில் வந்து நின்று, "என்ன பாக்கியம், வேலை இல்லையா இன்னிக்கு?" என்று கேட்டார். அவள் அவரை உள்ளே கூட்டிப்போய், எண்ணெய் சொட்டுகிற இடத்தைக் காட்டினாள். சேட்டு புகைபோக்கியை எட்டிப் பார்த்தார், எண்ணெயை ஒரு சொட்டு தொட்டு முகர்ந்தார். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு, "ஹோம்ஸ்டேக்காரன் இனி வேற கம்ப்ளைண்ட் தேடணும். நீ இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மானியத்தின் கடைசித் தவணைக்கு முன்னால் இன்னொரு முறை அளக்க வேண்டும் என்று ஆபீசிலிருந்து தகவல் வந்தது. இந்தத் தடவை தேதியைச் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். பாக்கியலக்ஷ்மி அதைப் படித்துக் காட்டினாள்.

பிச்சை தாடையைச் சொறிந்தான்.

"அக்கா, இப்ப நல்லா ஓட்டணுமா, மோசமா ஓட்டணுமா? முதல்லயே சொல்லிருங்க."

"எப்பவும் போல ஓட்டு."

"கோலம்?" என்றாள் மூக்கம்மாள், ஈரத்தலையைத் துவட்டியபடி.

பாக்கியலக்ஷ்மி கடிதத்தை மடித்தாள்.

"அது போட்டுக்க. கோலத்தை யாரும் அளக்க மாட்டாங்க."