உருளைக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று மேஸ்திரி சொன்னதும் சலவை ஆலையே பரபரத்தது. தேங்கிக் கிடந்த சோப்புத் தண்ணீரைத் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழுக்கு மூட்டைகளைப் பின்பக்கம் கொண்டுபோய் மறைத்தார்கள். இஸ்திரி உருளையில் நிற்கும் உருளைக்காரி மட்டும் முகம் கழுவித் தலையை மறுபடி வாரிக்கொண்டாள். வருவது அவள் மகள் படிக்கிற வகுப்பு.

"என்னடி, உன்னையப் பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றாள் கூட வேலை செய்யும் வெடி. வாயைத் திறந்தால் அப்படித்தான் வரும். அதனால் அந்தப் பெயர்.

"என் மக வர்றாடி. மெஷின் எப்படி ஓடுதுன்னு கேப்பா. நான் சொல்லணும்ல."

கேட்பாள்தான். உலை கொதித்தால் மூடி ஏன் ஆடுகிறது, கண்ணாடிக்கு ஏன் வியர்க்கிறது என்று கேட்டே ஆளைக் கொல்லுகிறவள். மார்க் என்று வந்தால் மட்டும் தட்டுத் தடுமாறுவாள். உருளைக்காரிக்கு இருந்த ஒரே விசாரம் அது.

உருளை என்பது நீராவி நிரம்பிய பெரிய இரும்புப் பீப்பாய். ஈரப் போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் விழாமல் அதன் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் மொடமொடவென்று காய்ந்து வரும். விரல் கொஞ்சம் பிந்தினால் தோலும் சேர்ந்து இஸ்திரியாகும். உருளைக்காரியின் முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏணிப்படி மாதிரித் தழும்புகள்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வாத்தியார் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நேராக உருளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இந்தச் சூடு, இந்த நாத்தம், அந்தம்மாவோட கை. படிக்கலைன்னா உங்களுக்கும் இதே கதிதான். வேணுமா?"

"வேணாம் சார்!"

மகளின் வாய் மட்டும் அசையவில்லை. அவள் உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"சார், இவ்வளவு சூட்டுல துணி ஏன் சார் கருகல?"

"கேள்வி கேக்கவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? பாரு. பாத்துப் பயப்படு. அங்க நிக்கிறது உங்கம்மாதானே?"

வகுப்பே சிரித்தது. தூக்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

உருளைக்காரி சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். உருளை முனகிக்கொண்டு நின்றது.

"போர்வ மாட்டிருக்கும்மா! ஓட விடு!" என்று மேஸ்திரி கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை.

"வாத்தியாரே, என் கையக் காட்டிப் புள்ளைங்கள மிரட்ட நான் என்ன பூச்சாண்டியா? நாளைக்கே நீங்க ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா, விரிக்கிற வெள்ளப் போர்வ வானத்துலேருந்தா விழும்?"

"ஏம்மா கோவப்படுறீங்க?" வாத்தியார் நிஜமாகவே குழம்பிப்போனார். "போன மாசம் பெற்றோர் கூட்டத்துல நீங்கதானே எந்திரிச்சுச் சொன்னீங்க? புள்ளைங்கள ஒரு தடவ கூட்டிட்டு வந்து என் பொழப்பக் காட்டுங்க சார், பயந்தாவது படிக்கட்டும்னு? ஹெட்மாஸ்டரே கைதட்டினாரே!"

சொல்லியிருந்தாள். கைதட்டல் விழுந்தபோது பெருமையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்ததுகூட நினைவிருந்தது. கூட்டத்தில் மட்டுமா? மகள் பாடத்தை எடுக்காத நாளெல்லாம் இதே கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இதான்டி உனக்கும்" என்று சொன்னவள்தானே.

"சொன்னேன். சொன்ன நாக்க இந்த உருளையிலதான் குடுக்கணும்," என்றாள் உருளைக்காரி. "ஆனா அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

"நேரமாச்சும்மா," என்றார் வாத்தியார். வரிசை திரும்பியது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. உருளைக்குள் நின்றுபோன போர்வை அதற்குள் கருகி நாறியது. மேஸ்திரி அதைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். "ஒரு திரவம் ஆவியாக மாறும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம்... எடுத்துக்கொள்ளும் வெப்பம்..."

உருளைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "மத்தியானம் கேட்டியே பாப்பா, துணி ஏன் கருகலைன்னு. பாய்லர்காரரக் கேட்டுட்டு வந்திருக்கேன். சொல்லவா?"

"அது பரீட்சைக்கு வராது."

"வராட்டிப் போகுது. நீ கேட்டதுதானே."

"என்னப் படிக்க விடும்மா. உன்ன மாதிரி ஆகக் கூடாதுன்னுதானே அங்க கூட்டிட்டு வரச் சொன்ன?"

ஓங்கிய கை பாதியில் நின்றது. வாத்தியாரை அறைவதா, கைதட்டிய கூட்டத்தை அறைவதா, தன் வாயில் தானே போட்டுக்கொள்வதா? எழுந்து வெளியே வந்தாள். வாசலில் கிடந்த வாளியை எட்டி உதைத்தாள். அது தெருவில் உருண்டது.

பக்கத்து வீட்டுத் தையல்காரி வாளியைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். "என்னக்கா, உன் பொண்ணு படிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது! அப்படி என்ன மருந்து குடுத்த? சொன்னா எம் பையனுக்கும் குடுப்பேன். ஏன், எதுக்குன்னு தொணதொணத்து உசுர வாங்குறான்."

உருளைக்காரி வாளியை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அவன் வாய அடைக்க ஏதாச்சும் செஞ்சேன்னு என் காதுல விழுந்துது, உன் கைய ஒடிச்சுருவேன். போடி உள்ள."