கொடிவார்

எர்மோசியோ நகரில் எங்கள் பள்ளியில் திங்கட்கிழமைக் கொடி வணக்கத்தில் கொடி ஏந்துவது ஆறாம் வகுப்பின் முதல் மதிப்பெண்காரர். இந்த வருடம் அது மிரேயா. கொடிக்கம்பைத் தாங்க உடம்பைச் சுற்றிப் போடும் தோல்வார் அவளுக்கு எட்டவில்லை. சந்தையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஒரு துண்டு சேர்த்துத் தைத்துத் தந்துவிடுவார்.

தலைமையாசிரியர் எலெயுத்தேரியோவுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. உடற்பயிற்சி ஆசிரியையான என்னைக் கூப்பிட்டார். மேசையில் மிளகாய்த்தூள் சிப்ஸ், பக்கத்தில் பெரிய கோலா பாட்டில்.

"பாரம்பரிய வார் டீச்சர், அதுல கை வைக்கக் கூடாது. அதுவும் போக, அவ உடம்புல பாதி கொழுப்பு. வெயில்ல கொடியோட விழுந்தா யாரு பதில் சொல்றது? இதயம் தாங்குமா?"

"கொழுப்பு வேற, இதயம் வேற சார். ஓட விட்டாத்தான் தெரியும்."

"அப்ப ஓட விடுங்க. ஓடி முடிச்சா கொடி அவளுக்கு," என்று சிவந்த விரலை நக்கினார்.

மறுநாள் காலை, கொடிக்குழுவின் ஆறு பேரையும் முற்றத்தில் நிறுத்தினேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே போய்ப் போய்த் திரும்ப வேண்டும். ஒலிபெருக்கி பீப் என்பதற்குள் கோட்டைத் தொடாதவர் வெளியே. போகப்போக ஒலி வேகமாகும்.

"ஏய் தமாலே, மெதுவாடி, தரை பொளந்துரும்," என்று சோளமாவுக் கொழுக்கட்டையின் பெயரைச் சொல்லி ஒருவன் கத்தினான்.

"பொளந்தா நீதான் மொதல்ல உள்ள போவ, ஓரமா நில்லு," என்றாள் மிரேயா.

மதிப்பெண்ணில் இரண்டாவதான ரெனாத்தா முதலில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். சாயங்காலமெல்லாம் தெருவில் பந்து உதைக்கிற மிரேயா மட்டும், சட்டை நனைய, முகம் சிவக்க, ஒலிக்கு முன்பே கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தியதும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி சீக்கிரமே தணிந்தது. நல்ல இதயத்துக்கு அதுதான் அடையாளம். கிண்டல் செய்தவனும் கை தட்டினான்.

நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெனாத்தாவே ஏந்தட்டும்."

"நீங்க வச்ச பரீட்சைதானே சார்?"

"திங்கக்கிழமை மேயர் வர்றாரு, போட்டோ எடுப்பாங்க. போட்டோவுல இதயமா தெரியும்?" இன்றும் சிப்ஸைத் தின்றபடியே பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். அந்த எண்ணெய்க் கையாலேயே வாரை எடுத்து நீட்டினார். "ரெனாத்தாவுக்குத் தொளதொளன்னு கெடக்கு. கொஞ்சம் வெட்டிச் சுருக்கிக் கொண்டாங்க."

நேற்று நீட்டக் கூடாத பாரம்பரியம், இன்று வெட்டலாமாம். அந்த மனிதரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வாரை மேசையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் மிரேயா நின்றிருந்தாள். சொன்னேன். அவள் அழவில்லை.

"நான் கடைசி வரைக்கும் ஓடினது சாருக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்மா. முழுசா பாத்துட்டுத்தான் இருந்தார்."

"தெரிஞ்சுமா தரல?" என்று கேட்டாள்.