குட்டைக்கு மருந்து

ஏழு வரட்டும். ஏழு வந்துவிட்டால் என் மேல் குற்றமில்லை.

அம்பரீன் அமிலம் அளக்கும் கருவியைக் குட்டைத் தண்ணீரில் இறக்கிப் பிடித்திருந்தாள். நல்ல தண்ணீருக்கு ஏழு. அமிலம் கூடக்கூட எண் இறங்கும். அது ஐந்துக்கும் கீழே போய் நின்றது. நேற்றுதான் கோடையின் முதல் மழை பெய்திருந்தது. ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை நிரப்பி மூடினாள்.

கரையோரம் மீன்குஞ்சுகள் வெள்ளை வயிறு காட்டி ஒதுங்கிக் கிடந்தன. ஒரு நத்தையை எடுத்தாள். ஓடு அப்பளம்போல் விரலிடையே நொறுங்கியது. மேலே மலைச்சரிவில் மரங்களின் உச்சிக்கிளைகள் காய்ந்திருந்தன. எதிரே, அவள் வேலை செய்யும் தோல் ஃபேக்டரியின் புகைபோக்கி. அந்தப் புகை மலையில் முட்டி நிற்கும். மழை அதைக் கரைத்து இங்கே இறக்கும். வரும் வழியில் மண்ணின் சத்தையும் அரித்துக்கொண்டு வரும்.

புகையைத் தண்ணீரில் கழுவுவதற்கென்றே பாய்லரில் ஒரு மோட்டார் உண்டு. பொங்கலுக்கு முன்பே அது நின்றுவிட்டது. ஒருமுறை சொன்னாள். "ஸ்பேர் வருதும்மா" என்றார் மேனேஜர் அருணகிரி. அதன்பிறகு அவள் பாய்லர் பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு லேபுக்குப் போகப் பழகிவிட்டாள். ஓடாத மோட்டாரின் அமைதி அங்கே அவளுக்குக் கேட்கும்.

"இன்னா பாப்பா, மிஷின் இன்னா சொல்லுது?" குட்டையைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் ராஜம்மாள், சேலையைத் தூக்கிச் செருகியபடி வந்தாள். "எவன் கண்ணு பட்டுச்சோ, வுட்ட குஞ்செல்லாம் போச்சு. வளந்திருந்தா மொத கெண்டை ஒனக்குத்தான்."

போன வருஷமும் அவள்தான் கொடுத்தாள், காசு வாங்காமல். வீட்டில் வறுத்ததும் அம்பரீன் முள்ளைக்கூட மென்று தின்றாள்.

ஃபேக்டரி லாரி கரையில் வந்து நின்றது. தோலை ஊறவைக்கும் சுண்ணாம்பு மூட்டைகள். முன்னாலிருந்து அருணகிரி இறங்கினார்.

"ராஜம்மா, கவலைப்படாத. ஒன் குட்டைக்கு கம்பெனி மருந்து போடுது."

"அடேங்கப்பா! இந்த மனசு இத்தினி நாளு எங்க சார் இருந்துது?" சிரித்துவிட்டு ராஜம்மாள் அம்பரீனின் கையைப் பிடித்தாள். "நீ சொல்லித்தானே போடறாங்க? நல்லா இருப்பே பாப்பா."

கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அருணகிரி அவளைத் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு பொல்யூஷன் போர்டு ஆளுங்க செக் பண்ண வர்றாங்கம்மா. சுண்ணாம்பு கலந்தா ஏழு வந்துடும். அப்புறம் சாம்பிள் எடு. இந்த பாட்டிலைக் கொட்டிடு."

பொய் என்றும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். இந்தத் தண்ணீருக்கு அது மருந்துதான், அடுத்த மழை வரைக்கும். மோட்டார் ஓடாது. ராஜம்மாள் மறுபடி குஞ்சு வாங்கி விடுவாள். மறுபடி எவன் கண்ணையோ திட்டுவாள். நான் மறுபடி சுற்றிக்கொண்டு லேபுக்குப் போவேன்.

"மருந்து போட்டுட்டா நாளைக்கே குஞ்சு வுடலாமா பாப்பா?" அங்கிருந்தே ராஜம்மாள் கேட்டாள்.

"வேணாம்க்கா." தன் குரல் அத்தனை சின்னதாக வந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "கண்ணெல்லாம் இல்லக்கா. எங்க புகைதான். அதைக் கழுவுற மோட்டார் ஓடுறவரைக்கும் வுடாதீங்க."

ராஜம்மாளின் சிரிப்பு நின்றது. அருணகிரி பாட்டிலுக்காகக் கையை நீட்டினார்.

அம்பரீன் மூடியை இன்னொரு சுற்று இறுக்கினாள். பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

"இது இருக்கட்டும் சார்."