அந்தி சாய்ந்தால் திரும்பும் பை

பாலைவன ஓரத்து ஜிந்தர் நகரத்தில் ஜிப்போ தைத்து விற்ற தோல்சாமான்கள் அந்தி சாய்ந்ததும் தாமாகவே அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தன. முதலில் வந்தது ஒரு திண்டு. காலையில் அதை வாங்கிப்போன மருந்துக்கடைக்காரர் சாயங்காலத் தொழுகை முடிந்து வந்து, திண்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் சாய்ந்து, சுவரில் மண்டையை இடித்துக்கொண்டார். அதே நேரம் திண்டு, மேய்ச்சலிலிருந்து வீடு திரும்பும் ஊர் ஆடுகளோடு சேர்ந்து பாறைச் சந்துகளில் உருண்டு வந்து, ஜிப்போவின் தகரக் கதவை முட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரம் கம்பு விலை இறங்கி, சர்க்கரை விலை ஏறியிருந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

ஜிப்போ தோல்வேலைக் குடும்பத்துக்காரன் இல்லை. தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கிற வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவன் கைச்சாவியில் இருந்ததால், பாதி ஊர் அவனுக்கு வணக்கம் சொன்னது, மீதி ஊர் திட்டியது. வீட்டில் மனிதர் யாரும் கிடையாது. சிவப்பு ஆடுகள்தான் கூட்டம். எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருந்தான். மழை பொய்த்த வருஷம் அவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தோல்களை வாங்க ஆள் வந்தபோது கொடுக்க மனசு வரவில்லை. கருவேலங்காயை இடித்து ஊறவைத்துத் தானே பதப்படுத்தினான். நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சண்டை போட்டார்கள். சிவப்புச் சோளத் தட்டையைக் காய்ச்சிச் சாயம் ஏற்றினான். கிழிந்த பழைய திண்டு ஒன்றை வாங்கித் தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, மேல்தோலைப் பிறைக் கத்தியால் இழை இழையாக உரித்துப் பூவேலை செய்யக் கற்றுக்கொண்டான். முதல் பூக்கள் கோணல்மாணலாக வந்தன. இரண்டு வருஷத்தில் ஆட்கள் தேடி வந்து, எனக்கு இந்த மாதிரி வேண்டும், அந்த மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்குக் கை தேறிவிட்டது.

விற்றதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்ததும், இவனே பின்னால் போய்த் திருடி வருகிறான் என்று பேச்சு கிளம்பியது. யாகனாவும் முதல் நாள் அப்படித்தான் நினைத்து வந்தாள். தொப்பிக்குப் பூத்தையல் போடுகிறவள், புருஷன் இறந்து நாலைந்து வருஷம் ஆனவள். தொப்பிகளையும் நூல்கண்டுகளையும் வைத்துக்கொள்ள ஒரு தோள்பை சொல்லி வாங்கியிருந்தாள். அது வாங்கிப்போன அன்று அந்தியிலேயே, பாதி தைத்த தொப்பியோடு ஜிப்போவின் முற்றத்தில் வாரைச் சுருட்டிப் படுத்திருந்தது. அவள் கனூரி, இவன் ஃபுலானி. இந்த இரண்டு கூட்டத்தாரும் எங்கே சந்தித்தாலும் ஒருவரையொருவர் அடிமை என்று வம்பிழுப்பது முறை, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"என்னய்யா அடிமை, எஜமானி சொத்துலயே கை வெச்சுட்டியா?" என்றாள்.

"நான் வெக்கல. அதுவா நடந்து வந்துச்சு. அடிமைதான எஜமான் வீட்டைத் தேடி வரும், இப்ப யாரு யாரு வாசல்ல நிக்கிறான்னு பாத்துக்க."

அவள் நம்பவில்லை. மறுநாள் தன் வீட்டு வாசலிலேயே காவல் உட்கார்ந்தாள். ஆடுகள் திரும்பும் நேரம் பை எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. பின்னாலேயே போனாள். வழியில் ஒரு தவிட்டு மூட்டையை அது முகர்ந்து பார்த்ததையும், மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி நின்றதையும் பார்த்தாள். ஜிப்போ அப்போதுதான் டீ போட்டுக்கொண்டிருந்தான். அந்த ஊரில் டீ என்றால் ஒரே இலையில் மூன்று முறை காய்ச்சுவது. முதல் டம்ளர் கசப்பு, மூன்றாவதில் சர்க்கரை தூக்கல். மூன்றையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதன்பிறகு தினமும் அந்தியில் பை முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள்.

காரணம் தெரியாமல் ஜிப்போவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோல்வேலைக்காரர்கள் சந்தில் முத்தாரி என்று ஒருவன், இவனைவிட இளையவன், வாய் நீளம். ஜிப்போ அவனிடம் போய்க் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆட்டுக்குப் பேரு வெச்சியா?"

"வெச்சேன்."

"பேரு சொல்லிக் கூப்பிட்ட ஆடு தோலானாலும் வீடு தேடி வரும், அதுல நாங்க கத்தி வெக்க மாட்டோம் அண்ணே. இதைப் போயி யாருக்காவது சொல்லித் தரணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல, அப்படிச் செய்யற ஆளு இருப்பான்னு யாரு கண்டா?"

சந்தையிலிருந்து புது ஆடு பிடித்து வந்தால் என்ன செய்வார்கள் என்பது ஜிந்தரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொஞ்ச நாள் கட்டிப்போட்டு, உப்புக் கலந்த தவிட்டைத் தன் கையாலேயே ஊட்ட வேண்டும். அப்புறம் அது அந்த வீட்டு ஆடு. வீடு திரும்பும் வழியிலேயே ஜிப்போ மருந்துக்கடைக்குப் போய்ச் சொன்னான். கடைக்காரர் திண்டைத் தூணில் கட்டித் தவிடு வைத்தார். அது நின்றுவிட்டது. செருப்பு வாங்கியவருக்குச் சொன்னான், குதிரைச் சேணத்துக்குக் குஞ்சம் வாங்கியவருக்குச் சொன்னான், எல்லாம் அவரவர் வீட்டில் தங்கின. திருட்டுப்பட்டமும் போனது, இன்னும் நாலு பேர் வேலை சொன்னார்கள். யாகனாவிடம் மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். நாளைக்கும் அந்தி வந்தது, பை வந்தது, அவள் வந்தாள், டீ கொதித்தது. சொல்லிவிட்டால் அவள் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. இத்தனை வருஷம் அவன் தனியாக இருந்ததே அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கம்பு விதைக்கிற முதல் மழை ஒரு சாயங்காலம் திடீரென்று பிடித்துக்கொண்டது. பை பாதி வழியில் இருந்தது. உள்ளே ஒரு மாப்பிள்ளைக்குத் தைத்த வெள்ளைத் தொப்பி, மறுநாள் கல்யாணம். சோளச் சாயம் கரைந்து தொப்பி முழுக்கச் சிவப்பு ஏறிவிட்டது. யாகனா ஜிப்போவின் முற்றத்தில் அதைப் பிழிந்து பிழிந்து பார்த்தாள். மாதக்கணக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட வேலை. ஜிப்போவால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. தவிடு, உப்பு, கயிறு எல்லாவற்றையும் சொன்னான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"குளிர் காலத்துலேயே."

"மத்தவங்களுக்கெல்லாம் சொன்னியா?"

"சொன்னேன்."

அவள் முறைக்காகக்கூட அடிமை என்று சொல்லவில்லை. டீ அடுப்பில் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள். மறுநாள் பை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கட்டிப்போட்டு ஊட்டுகிறாள் என்று புரிந்தது. கம்பு முழங்கால் உயரம் வளர்ந்து, களை எடுத்து, கதிர் விட்டது. ஜிப்போ ஒழுங்காக வால்வு திறந்தான், ஒரு பள்ளிக்கூடத்து அம்மாவுக்குப் புத்தக உறை தைத்தான். அந்தியில் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஊரார் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்து அவரவர் வீட்டுக்குப் போயின.

அறுவடை முடிந்த சமயம் ஒரு அந்தியில், திறந்து கிடந்த கதவு தட்டப்பட்டது. யாகனா நின்றாள். ஜிப்போ அவள் காலடியில் பார்த்தான், அவள் பின்னால் பார்த்தான்.

"பை இங்க வரலையே."

"தெரியும். கட்டித்தான் கிடக்கு. தவிடு வெச்சுட்டுத்தான் வந்தேன்."

ஜிப்போ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன நிக்கிற? அன்னைக்குப் போட்ட டீ எங்க? அடிமைக்கு உபசாரம்கூடச் சொல்லித் தரணுமா?"

குளிர் விடுவதற்குள் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி கோலாக்கொட்டை பங்கிட்டார்கள். முத்தாரி வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தொழில் தெரியாதவனுக்குத்தான் இதெல்லாம் வாய்க்கும் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான். யாகனா தொப்பிச் சாமான்களோடு ஜிப்போ வீட்டுக்குக் குடிவந்தாள், பையும் கூட வந்தது. ஆனால் அது இப்போது யாகனாவின் பழைய வீட்டுக்குப் பழகிவிட்ட பை. முதல் நாள் அந்தியிலேயே எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு அங்கே கிளம்பிவிட்டது. அந்த வீட்டில் சைக்கிள் ரிப்பேர்காரன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். வாசலில் நிற்கும் பையைத் தாண்டி உள்ளே போவதும் வருவதும் அவனுக்குப் பழகிவிட்டது. தினமும் ஜிப்போவும் யாகனாவும் சேர்ந்து போய் அதை அழைத்து வருகிறார்கள். ஆடுகளுக்கு எதிர்த்திசையில் நடந்து, வழியில் பொரித்த பயற்று உருண்டை வாங்கித் தின்று, ஒருவரையொருவர் அடிமை என்று ஏசிக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அதைக் கட்டிப்போடு என்று இவன் அவளிடம் சொல்வான், நீதான் கட்டேன் என்று அவள் சொல்வாள். வீட்டில் கயிறும் இருக்கிறது, தவிடும் உப்பும் இருக்கின்றன. வருஷம் ஒன்பது ஆகிறது, இரண்டு பேரும் இன்னும் கட்டவில்லை.