எந்த ரூம் போச்சு?

1

இந்தக் கதை குளியலறையில் பிறந்தது. உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு கதவிடுக்கில் கையை நீட்டி, "அந்தக் கடிதத்தை எடு" என்று கத்தினேன். நான் கேட்க நினைத்தது துண்டு. மனைவி அன்று வந்த தபாலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுபடி கேட்டேன். மறுபடியும் கடிதம் என்றுதான் வந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஸ்கேனில் தெரிந்தது: இடது பக்கம், காதுக்கு மேலே, மூளையில் கட்டி. பேச்சு குடியிருக்கும் இடத்தை ஒட்டி. இடது மூளை வலது கையை ஆட்டுவிக்கிறது என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியவன் நான். இப்போது அந்த வலது கையில் பேனா நிற்பதில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

[ஆமா, எழுதுறது நான்தான். அவர் தடுமாறுற இடத்தை அப்படியே விடணும்னு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருக்காங்க. அதனால எதையும் அடிச்சுத் திருத்தல.]

2

ஆபரேஷனின்போது நான் விழித்திருப்பேன். மண்டை ஓட்டைத் திறந்த பிறகு எழுப்புவார்களாம். (மூளைக்கு வலி தெரியாது. காலில் முள் குத்தினால் நரம்பு வழியாக அதற்குத்தான் சேதி போகிறது, ஆனால் அதையே தொட்டால் அதற்குத் தெரியாது. தைரியம் சொல்வதற்காகத்தான் டாக்டர் இதைச் சொன்னார். அன்று முழுக்க நான் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.) மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வொரு இடமாகத் தொடுவார். நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நிற்கிற இடத்தில் எண் போட்ட சின்னக் காகிதம் வைப்பார். ஒன்று, இரண்டு, மூன்று. இந்தக் கதையின் எண்கள் அங்கிருந்து எடுத்தவை.

"எழுத்தாளர்தானே சார், அங்க ஒரு கதை சொல்லுங்களேன்" என்றார் பேச்சுப் பயிற்சியாளர்.

3

ஒரு பழைய வீட்டில் எலக்ட்ரீஷியன் ஒருவர்—

வேண்டாம். மழை விட்ட இரவு, ஒரு எலக்ட்ரீஷியன் தன் வீட்டுச் சுவரில் இருந்த—

[இங்க ஒரு நிமிஷம் நின்னார். சுவிட்ச் பெட்டின்னு நான் எடுத்துக் கொடுக்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.]

—பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு ஒயர் கருகியிருந்தது. எந்த ஒயர் எந்த அறைக்கு என்று எங்கும் எழுதியில்லை. மனைவியை மாடிக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"எந்த ரூம் போச்சு?"

"ஹால்!"

"இப்போ?"

"சமையலறை!"

கருகியதோடு ஒட்டிக் கிடந்தது கடைசி ஒயர். அதையும் கழற்றினார். "எந்த ரூம் போச்சு?"

மேலேயிருந்து சத்தமே இல்லை.

இந்த ஆள் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தன் வீட்டு ஒயரே தெரியாத எலக்ட்ரீஷியனா? ஆனால் ஐம்பது வருஷமாக இந்த மண்டையைச் சுமக்கிற எனக்கு மட்டும் உள்ளே என்ன தெரிந்தது?

4

மூன்று நாள் செதுக்கி, மனப்பாடம் செய்து, பிசிறில்லாமல் ஒப்பித்தேன். பயிற்சியாளர் முகம் மாறிவிட்டது.

"இது உதவாது சார். மனப்பாடம் தானா வந்துடும். பேச்சே போனவங்ககூட சில பேர் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவாங்க. எனக்கு அந்த நேரத்துல புதுசா பிறக்கிற வாக்கியம் வேணும். முடிவை மட்டும் எழுதாதீங்க. அங்க வச்சு நான் கேட்கிறேன்."

நன்றாக எழுதியதற்காகத் திட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை.

5

பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் வீட்டுச் சாமான்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிப் பார்க்கிறேன். நாற்காலி. பூட்டு. நேற்று சீப்பு வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் கேட்டார்: "கட்டி பேச்சு இடத்துக்குள்ளயே போயிருந்தா என்ன செய்யட்டும்? மிச்சம் வச்சா சீக்கிரம் வளரும். முழுசா எடுத்தா பேச்சு போகலாம். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

பேச்சு நின்றால் நிறுத்திவிடுங்கள். இதுதான் என் பதில்.

[அந்த ரெண்டு வாக்கியத்தை நான் எழுத மாட்டேன்னுட்டேன். அவரே இடது கையால கோணல்மாணலா எழுதினார்.]

"வார்த்தை போயிட்டா நான் யாரு?" என்றேன்.

"என் புருஷன். வேற யாரு?" என்றாள். "ரெண்டாவது தடவையும் நீங்க கடிதம்னுதான் கேட்டீங்க. நான் துண்டு கொண்டு வரலையா?"

இன்று மதியம் கையெழுத்துப் போட்டேன். முழுதாக எடுக்கச் சொல்லி. அதுவும் இடது கையால்தான்.

6

எழுத வேண்டாம் என்றாலும் முடிவுகள் கைவசம் உண்டு.

(அ) அவள் அடுப்பை அணைக்கப் போயிருந்தாள். "கத்தாதீங்க, வர்றேன்" என்று இறங்கி வருகிறாள்.

(ஆ) அவர் மாடிக்கு ஓடுகிறார். இருட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பேச வரவில்லை. அவர் பக்கத்தில் உட்காருகிறார்.

(இ)

[மூணாவதையும் சொன்னார். நான் எழுதல.]

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். இந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருந்தால், ஒரே ஒரு உதவி செய்யுங்கள். சத்தமாகக் கேளுங்கள், எந்த ரூம் போச்சு என்று. நான் மேலேயிருந்து

[இங்க நின்னுட்டார். என்னையே பார்த்துக்கிட்டு இருக்கார். நான் எடுத்துக் கொடுக்கல. பேனாவைத் தாள்லயிருந்து எடுக்கவும் இல்ல.]