கை உயர்ந்தால் நிற்க வேண்டும்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் பேசும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரங்கள் சும்மா கிடந்தன. நானே பேசினேன்.

கால்பந்து விளையாடிய காலத்தில் அவருக்கு 'பூட்டு' என்று பட்டப்பெயர். இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். அவரைத் தாண்டிப் பந்தும் போகாது, ஆளும் போகாது. முழங்கால் போனதும் அதே கிளப்பில் தடுப்பாட்டப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் அவருக்குப் பிடிக்காது. எதிராளி நம் வரிசையைத் தாண்டி முன்னமே நிற்கிறான், ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்து நின்றால் சுத்தமாகப் பிடிக்காது. "கொடி தூக்குறது லைன்ஸ்மேன் வேலைடா, உன் வேலை ஓடுறது!" என்று தொண்டை கிழியக் கத்துவார். கை சட்டைக்கும் போகக்கூடாது, மேலேயும் போகக்கூடாது என்பதற்காகவே பயிற்சியில் ஒவ்வொருவரும் கைக்கொரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கையைத் தூக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். அவர் கை உயர்ந்தால் தடுப்பாட்டக்காரர்கள் அத்தனை பேரும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். வரிசை நேராக இருக்கிறதா, கோணலா என்று பார்த்துத் திட்டுவார்.

அவர்களில் இவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்பவன் நெட்டை. இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. "பந்தைப் பாக்குறதைவிட எங்க வீட்டுக்காரரைத்தான் நீ அதிகமா பாக்குற" என்று நானே அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே போதும், முதல் பிரிவில் தங்கிவிடலாம். நான் பெஞ்சுக்குப் பின்னால் குடும்பத்தினர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்காரன் ஒருவன் நெட்டையின் பின்னாலிருந்து பாய்ந்தான். ஆஃப்சைடு மாதிரிதான் தெரிந்தது. என் கண் முன்னால் என் வீட்டுக்காரரின் வலது கை சட்டென்று மேலே போனது. விளையாடிய காலத்தில் அவருக்கே இருந்த பழக்கம். பிறரிடம் அதை ஏன் அப்படி வெறுத்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெட்டை ஓரக்கண்ணால் அந்தக் கையைப் பார்த்தான், நின்றான். லைன்ஸ்மேனின் கொடி எழவில்லை. கோல் விழுந்தது. முதல் பிரிவு கைவிட்டுப் போனது.

மறுநாள் கேட்டேன். "நாளைக்கு மீட்டிங்ல சொல்லிடுவீங்கதானே?"

"யாரும் பாக்கலடி. கேமரா பந்து பின்னாடி போயிடுச்சு."

"நான் பாத்தேன். அவன் பாத்தான். கேமராவுக்கு மட்டும்தான் பயப்படுவீங்களா?"

"முழங்கால் போனவனுக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

"அவனுக்கு எவன் குடுப்பான்? டிவில அவன் மரம் மாதிரி நிக்கிறதையே திரும்பத் திரும்பக் காட்டுறானுங்க!"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பி, ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். தலைமைப் பயிற்சியாளர் வீடியோவை ஓடவிட்டு, நெட்டை நிற்கிற இடத்தில் நிறுத்தினாராம். "ஏன்டா நின்னே?" என்று கேட்டாராம். நெட்டை இவரைப் பார்த்தானாம். இவர் தரையைப் பார்த்தாராம். "தெரியல சார்" என்றானாம் அவன். அடுத்த சீசனுக்கு நீ வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்களாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூட்டு என்று பெயர் வைத்தவன் வாய்க்கும் சேர்த்தா வைத்தான்?

அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் நெட்டை.

"உள்ள வாப்பா" என்றேன்.

"வேணாம் அண்ணி." பாக்கெட்டிலிருந்து இரண்டு டென்னிஸ் பந்துகளை எடுத்தான். ஒன்றை என் வீட்டுக்காரரின் வலது கையிலும் மற்றதை இடது கையிலும் வைத்தான். "லாக்கரைக் காலி பண்ணிட்டேன். அன்னைக்கு இது உங்க கையில இருந்திருக்கணும் அண்ணே."

அவன் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டான்.

"என்ன பேச்சுப் பேசிட்டுப் போறான் பாத்தியா? அவனை ஆளாக்கினதே நான்..."

"இன்னொரு வார்த்தை பேசாதீங்க!"

தலைமைப் பயிற்சியாளரின் எண்ணை நானே அழுத்தினேன். இவர் வலது கையிலிருந்த பந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனைத் திணித்தேன். "நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?"

மணி போய்க்கொண்டிருந்தது. பிறகு இவர் தொண்டையைச் செருமினார்.

"சார், நான்தான் பேசுறேன். நெட்டை தானா நிக்கல. நான் கையைத் தூக்கினேன், அதைப் பாத்துட்டு நின்னான்."

எதிர்முனையில் விழுந்த திட்டு எனக்கே கேட்டது. இவர் இடது கைப் பந்தை நசுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். கீழே நெட்டை வண்டியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நில்லுப்பா! சொல்லிட்டாரு! நில்லு!"

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சொன்னது அவனுக்கு நன்றாகவே கேட்டது. வண்டியைக் கிளப்பினான். இந்த முறை அவன் நிற்கவில்லை.